அரைப் பல் தூரம்

என் மனைவியிடம் பெரிதாக ஒரே ஒரு பொய்தான் சொல்லியிருக்கிறேன். அது பொய் என்று அவளுக்குத் தெரியுமா என்பது இன்றுவரை எனக்குத் தெரியாது. அதை எழுதி வைக்கத்தான் உட்கார்ந்திருக்கிறேன். எட்டாம் வகுப்பைத் தாண்டாதவன் எழுதுவது. பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

யுத்த காலம். தென்காசியிலிருந்து குற்றாலம் போகிற சாலையோரம், ஒரு பஸ் முதலாளியின் கொட்டகையில் நான் ஃபிட்டராக இருந்தேன். முதலாளிக்கு இருந்தது ஒரே பஸ். செங்கோட்டை, புளியரை வழியாக மலையேறி ஆரியங்காவு வரை போய்த் திரும்பும். அமெரிக்க எஞ்சின். ஆறு சிலிண்டரும் பந்தியில் உட்கார்ந்த மாதிரி ஒரே வரிசையில் இருக்கும். பெட்ரோலுக்குக் கூப்பன் வந்தபிறகு பஸ்ஸின் முதுகில் கரி அடுப்பு ஒன்றைக் கட்டினோம். கரி புகைந்து வரும் வாயுவில்தான் எஞ்சின் ஓட வேண்டும். பெட்ரோல் குடித்துப் பாய்ந்துகொண்டிருந்த எஞ்சின், கரிக்கு மாறியதும் பத்தியக் கஞ்சி குடித்தவனைப் போல ஆகிவிட்டது. சமதரையில் ஓடும். புளியரை தாண்டி மலை ஏறும்போது மூச்சு வாங்கும்.

அந்தச் சமயத்தில்தான் டைமிங் சக்கரம் பல் உதிர்ந்தது.

இதை விளக்காவிட்டால் மற்றது புரியாது. எஞ்சினின் முன்முகத்தில், ஒரு மூடிக்குள்ளே இரண்டு பல்சக்கரங்கள் இருக்கும். சின்னது எஞ்சினின் அடித்தண்டில். பெரியது வால்வுகளைத் திறந்து மூடுகிற தண்டில். எந்தப் பல்லோடு எந்தப் பல் சேர வேண்டும் என்பதற்காக இரண்டிலும் ஒரு புள்ளி குத்தி அனுப்புவார்கள். புள்ளியும் புள்ளியும் முகம் பார்த்துக்கொண்டால் வால்வு வேளைக்குத் திறக்கும். ஒரு பல் தள்ளிப்போனால் வேளை தப்பும். எஞ்சின் ஓடாமல் போகாது, ஓடும். ஆனால் பாரம் ஏறினால் உயிர் இருக்காது.

எங்கள் எஞ்சினில் பெரிய சக்கரம் நாரும் பிசினும் சேர்த்து அழுத்திச் செய்தது. சத்தமே கேட்காது. அது உதிர்ந்தபோது புதிதுக்குச் சென்னை வரை எழுதிப் பார்த்தோம், கிடைக்கவில்லை. கடைசியில் மதுரையில் ஒரு பழைய இரும்புக் கடையில், உடைத்துப் போட்ட லாரியிலிருந்து எடுத்த சக்கரம் அகப்பட்டது. அளவு சரி, பல் எண்ணிக்கை சரி. ஆனால் வார்ப்பிரும்பு. இரும்பும் இரும்பும் சேர்ந்தால் கூவும்.

அதை அப்படியே பூட்டியிருக்கலாம். எனக்குத்தான் ஒரு ஆசை வந்தது. மிலிட்டரி வொர்க்‌ஷாப்பில் வேலை பார்த்து லீவில் வந்திருந்த ஒருவர், கரியில் ஓடுகிற எஞ்சினுக்கு வால்வு கொஞ்சம் முந்தித் திறந்து முந்தி மூடினால் ஏற்றத்தில் நன்றாக இழுக்கும் என்று சொல்லியிருந்தார். ஒரு பல் முந்தினால் அதிகம். அரைப் பல் வேண்டும். பல்லைப் பாதியாகத் தள்ள முடியாது. ஆனால் சக்கரத்தைத் தண்டோடு பூட்டுகிற சிறு இரும்புச் சாவி ஒன்று உண்டு. அது உட்காருகிற பள்ளமான காடியை அரைப் பல் தள்ளி வெட்டிவிட்டால் சக்கரமே அரைப் பல் தள்ளி உட்காரும். மூன்று நாள் அரத்தால் ராவி அந்தப் புதுக் காடியை வெட்டினேன். சாவி நூல் பிசகாமல் போய் உட்கார்ந்தது. அன்றைக்கு எனக்கு இருந்த கர்வத்தை இப்போது நினைத்தாலும் கூசுகிறது.

காடி மாறினால் பழைய புள்ளிக்கு வேலை இல்லை. புதுப் புள்ளி வேண்டும். எந்தப் பல் என்று கணக்குப் பார்த்து முடித்தபோது ஆயுத பூசைக் காலை ஆகிவிட்டது. புள்ளி குத்துகிற உளியைத் தேடினேன். அது ஏற்கெனவே கழுவிப் பலகையில் சாமிக்கு முன்னால் வரிசையில் போய்விட்டது. பூசையில் வைத்த ஆயுதத்தை எடுத்து அடிப்பது அபசாரம் என்பது எங்கள் வீட்டு வழக்கம். என் தகப்பனார் அன்றைக்கு ஆணி அடிக்கக்கூடச் சுத்தியலைத் தொடமாட்டார். நாளைக்குக் குத்திக்கொள்ளலாம் என்று, பைப் மரைக்குப் பூசுகிற ஈயச் சிவப்பை எண்ணெயில் குழைத்து அந்தப் பல்லில் விரலால் ஒரு தீற்று தீற்றினேன். சக்கரத்தையும் பலகையில் இலை விரித்து வைத்துவிட்டுக் குளிக்கப் போனேன்.

நான் திரும்பி வரும்போது என் மனைவி வந்து எல்லாவற்றையும் துடைத்து, சந்தனம் குங்குமம் வைத்து, அவல் பொரி பரப்பியிருந்தாள். ஸ்பானர், சுத்தியல், அரம், ஜாக்கி எல்லாம் நெற்றியில் பொட்டோடு பிள்ளைகளைப் போல வரிசையாக இருந்தன. சக்கரத்திலும் ஒரு பல்லில் சிவப்பாகப் பொட்டு. கும்பிட்டுத் திருநீறு பூசிக்கொண்டேன்.

மறுநாள் விஜயதசமி. தொட்டது துலங்குகிற நாள் என்பதால் அன்றைக்கே பஸ்ஸைக் கிளப்ப வேண்டும் என்றார் முதலாளி. விடிந்ததும் சக்கரத்தை எடுத்தேன். சிவப்பு இருந்தது. அடியில் சந்தனமும் இருந்தது. என் குறியின் மேலேயே பொட்டு வைத்திருக்கிறாள், நல்ல சகுனம் என்றுதான் எனக்குத் தோன்றியது. குறிதான் இருக்கிறதே என்று புள்ளி குத்தாமலே, அந்தச் சிவப்பைப் பார்த்துப் பல்லைச் சேர்த்து மூடியைப் பூட்டினேன். ஸ்பார்க்கைக் காதால் கேட்டுக் கேட்டுத் திருப்பிச் சரி செய்தேன். எஞ்சின் ஒரே மிதியில் பிடித்தது. சக்கரம் மட்டும் மெல்லக் கூவியது.

கையைத் துடைத்துக்கொண்டிருக்கும்போதே ஆரியங்காவிலிருந்து இறங்கிய மரலாரிக்காரர் ஒருவர் செய்தி கொண்டுவந்தார்.

என் கொழுந்தியாள் ஆரியங்காவில் இருந்தாள். அவள் புருஷன், என் சகலை, அங்கே மர டிப்போவில் எழுத்து வேலை. தாய் இல்லாத பெண். என் மனைவிதான் தலைவாரிச் சோறூட்டி வளர்த்தாள். தலைப்பிரசவத்துக்கு அடுத்த வாரம் எங்கள் வீட்டுக்கு அழைத்து வருவதாக இருந்தது. அதற்குள் வலி கண்டுவிட்டது, இரத்தமும் படுகிறது, உடனே தென்காசி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகச் சொல்லி அங்குள்ள மருத்துவச்சி அவசரப்படுத்துகிறாள், மரப் பாரத்தோடு வருகிற தன் லாரியில் படுக்க வைக்க இடமில்லை என்றார் லாரிக்காரர்.

என் மனைவி ஓடி வந்தாள். "ஏங்க, இறங்கு ரயில்ல ஏத்தி விடச் சொல்லிருவோமா? சாயங்காலத்துக்குள்ள வந்துரும்லா?"

"ரயில் எப்பம் வருமோ, நிக்குமோ. நம்ம வண்டி இப்பம் கிளம்புது. ரெண்டு மணிக்கு அங்கன நிக்கும். பாய விரிச்சுப் படுக்க வச்சு அலுங்காமக் கொண்டாந்துரலாம். நான் பூட்டுன எஞ்சின்லா?"

ஸ்டேஷனுக்குப் போய், மாஸ்டரைக் கும்பிட்டுக் கேட்டுக்கொண்டு, ஆரியங்காவு ஸ்டேஷனுக்குத் தந்தி அடிக்க வைத்தேன். பஸ் வருகிறது, ரயிலில் ஏற்ற வேண்டாம், காத்திருக்கவும். இந்த வார்த்தைகளைச் சொன்னது நான்.

செங்கோட்டை வரை ஒரு குறையும் இல்லை. டிரைவர் வாய் ஓயாத மனிதர். திரும்பிப் பார்த்துச் சிரித்தார்.

"அண்ணாச்சி, உம்ம புதுச் சக்கரம் நாகசுரம்லா வாசிக்குது! தவிலுக்குத்தான் ஆளு இல்ல."

"நீரு ரோட்டப் பாத்து ஓட்டும்வே."

என் மனைவி பக்கத்தில் தூக்குச்சட்டியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பயத்தை மறைக்க ஏதேதோ பேசிக்கொண்டே வந்தாள். பூசையைப் பற்றி, பொரியைப் பற்றி. சக்கரத்தின் கூவலிலும் பஸ்ஸின் ஆட்டத்திலும் பாதி காதில் விழவில்லை. நான் எஞ்சினைத்தான் கேட்டுக்கொண்டிருந்தேன். ம், ம் என்று தலையாட்டினேன்.

புளியரை தாண்டி ஏற்றம் தொடங்கியது. தூற்றல் போட்டது. முதல் வளைவிலேயே எஞ்சின் இழுக்க மாட்டாமல் தொங்கியது. டிரைவர் கியரை இறக்கினார். இரண்டாவது வளைவில் ரேடியேட்டர் கொதித்தது. நிறுத்தித் தண்ணீர் ஊற்றினோம். அடுப்பைக் கிளறிப் புதுக் கரி போட்டோம். ஜனங்கள் இறங்கித் தள்ளினார்கள்.

"ஏலே, வண்டி நம்மள ஏத்திட்டுப் போகுதா, நாம வண்டிய ஏத்திவிடப் போறமா?" என்றார் சந்தைக்கூடைக்காரர் ஒருவர்.

"தள்ளுங்க அண்ணாச்சி. விஜயதசமிக்குத் தேர் இழுத்த புண்ணியம்" என்றார் டிரைவர்.

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். கரி நமுத்துப் போயிருக்கிறது, அவ்வளவுதான் என்று நினைத்தேன். மூன்றாம் தடவை நின்றபோது யாரும் சிரிக்கவில்லை. தள்ளியும் நகரவில்லை. கல்லை முட்டுக் கொடுத்து நிறுத்தினோம். ஆரியங்காவுக்கு இன்னும் நாலு மைல்.

வாயுக் குழாயைக் கழற்றினேன், துடைத்தேன், பூட்டினேன். ஸ்பார்க் பிளக் ஆறையும் கழற்றித் துடைத்தேன். எல்லாம் சரியாக இருந்தது. மூடிக்குள் இருக்கிற சக்கரத்தின் மேல் மட்டும் எனக்குச் சந்தேகமே வரவில்லை. அது நான் மூன்று நாள் ராவியது. சாமிக்கு முன்னால் வைத்து எடுத்தது.

அப்போது மேலே மலைச் சரிவில் ரயில் சத்தம் கேட்டது. ஆரியங்காவிலிருந்து இறங்குகிற ரயில். மரங்களுக்கு இடையில் பெட்டி பெட்டியாகத் தெரிந்தது. ஜன்னலில் ஒரு கைக்குழந்தைக்காரி எங்களை வேடிக்கை பார்த்தாள். என் மனைவி ரோட்டில் நின்று ஒவ்வொரு ஜன்னலாகப் பார்த்தாள். கடைசிப் பெட்டி மறைந்ததும் என் பக்கம் திரும்பினாள்.

"ஒருவேள இதுல ஏத்தி விட்டிருப்பாகளோ?"

ஏற்றியிருக்கமாட்டார்கள். ஏற்ற வேண்டாம் என்று தந்தி அடித்தவன் நான்.

மரம் ஏற்றப் போன ஒரு காலி மாட்டுவண்டியில் ஏறிப் போனோம். நாங்கள் போய்ச் சேரும்போது பொழுது சாய்கிற நேரம். சகலை வாசலில் ரோட்டைப் பார்த்தபடி நின்றிருந்தார். எங்களைப் பார்த்தும் அவர் முகம் மாறவில்லை. எங்களுக்குப் பின்னால் பஸ் வருகிறதா என்றுதான் பார்த்தார். அந்தப் பார்வையிலேயே தெரிந்துவிட்டது. தாயும் போய், வயிற்றுப் பிள்ளையும் போய் அரைமணி நேரம் ஆகியிருந்தது.

மருத்துவச்சி மலையாளத்துக்காரி, வயதானவள். கையைக் கழுவிக்கொண்டே தமிழும் மலையாளமுமாக என்னிடம் சொன்னாள். "ரெண்டு மணிக்கூர் முன்னே தாழே கொண்டுபோயிருந்நா ஒரு வழி உண்டாயிருந்நு. பாவம், ரோட்டுல ஒவ்வொரு சத்தம் கேக்கும்போழும் 'அத்தான் வண்டியா, அத்தான் வண்டியா'ன்னே கேட்டா."

என் மனைவி உள்ளே தங்கையின் தலையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டு, அவிழ்ந்த பின்னலைத் திரும்பப் பின்னிக்கொண்டிருந்தாள். அழவில்லை.

பஸ்ஸைக் காளை பூட்டி இறக்கிக் கொட்டகைக்குக் கொண்டுவந்திருந்தார்கள். எட்டாம் நாள்தான் நான் போனேன். மூடியைக் கழற்றினேன். புதுக் காடியிலிருந்து பல்லை எண்ணினேன். திரும்ப எண்ணினேன். விரல் வைத்து மூன்றாம் முறை எண்ணினேன். ஒரு பல் தள்ளிச் சேர்ந்திருந்தது. அரைப் பல் முந்த வேண்டியது, அரைப் பல் பிந்தியிருந்தது. சேர்த்த பல்லின் அடியில் எண்ணெயில் ஊறிக் கொஞ்சம் சந்தனம் ஒட்டியிருந்தது. அதற்கு அடுத்த பல்லின் ஓரத்தில், துணி எட்டாத இடுக்கில், மயிரளவுக்கு ஈயச் சிவப்பு.

அப்போதுதான் பஸ்ஸில் என் மனைவி பேசிக்கொண்டு வந்தது காதில் விழுந்தது. எட்டு நாள் கழித்து. என் வலப்பக்கம் உட்கார்ந்து சொல்வது போலவே விழுந்தது.

"அந்தச் சக்கரத்துல யாரோ எண்ணெக் கையோட பொட்ட அப்பி வச்சிருந்தாக. பாக்கவே நல்லா இல்ல. நல்லாத் துடைச்சிட்டு நாந்தான் அழகா வச்சேன்."

நான் ம் என்று தலையாட்டியிருக்கிறேன்.

பல்லைத் திருத்திப் பூட்டினேன். உளியை எடுத்து அந்தப் பல்லில் ஆழமாக ஒரு புள்ளி குத்தினேன். ஒரே அடி. அவ்வளவு நேரம்தான் ஆனது. பூசையன்று அந்த ஒரு அடியை அபசாரம் என்று விட்டவன் நான். சாமியைக் குற்றம் சொல்லவில்லை. எங்கள் ஊர்க் காசி விசுவநாதர் என்னை உளியைத் தொடாதே என்று சொல்லவில்லை. ஆனால் பக்தியில்லாத ஒருவன் அந்த இடத்தில் இருந்திருந்தால் கொழுந்தியாள் பிழைத்திருப்பாள் என்கிற நினைப்பு என்னை விடவில்லை.

அதற்குப் பிறகு அந்த பஸ் ஆரியங்காவு மலையை ஆடு ஏறுகிற மாதிரி ஏறியது. முதலாளி என் முதுகில் தட்டினார். "கரி வண்டி இப்படி ஏறுமாவே! உம்ம கையி கையிதாம்வே." நான் கொட்டகையின் பின்பக்கம் போய் நின்றுகொண்டேன்.

அந்தக் கூவல் என் காதில் தங்கிவிட்டது. பஸ் ஊரில் இல்லாதபோதும் கேட்கும். சோறு தின்னும்போது, தேவாரம் படிக்கும்போது. கோயிலில் சாயரட்சை மணி அடங்கியதும், அது அடங்கின இடத்திலிருந்து கூவல் தொடங்கும். ஏற்றத்தில் ஏறுகிற எஞ்சினின் கூவல். அதற்கு அடியில் ஒரு பெண் கேட்கிற மாதிரி இருக்கும். வார்த்தை புரியாது. புரியாமல் என்ன, எனக்குத் தெரியும் அது என்ன வார்த்தை என்று.

காதில் இரைச்சல் என்று மட்டும் மனைவியிடம் சொல்லியிருந்தேன். அடுத்த சாரலில் என்னைக் குற்றாலத்துக்குக் கூட்டிப் போனாள். புத்தி தடுமாறினவர்களைக்கூட அங்கே அருவியில் நிறுத்தினால் தெளியும் என்பார்கள். எண்ணெய் தேய்க்கிற ஆள் ஒருவர் என் தலையில் அறைந்து அறைந்து தேய்த்தார்.

"காதுல என்ன அண்ணாச்சி?"

"ஒரு சத்தம்."

"அருவிக்குள்ள தலையக் குடுத்து நில்லும். வண்டு கிண்டு இருந்தா சிற்றாத்தோட போயிரும். ஆளு இருந்தாத்தான் எறங்காது" என்று சொல்லி அவரே சிரித்தார்.

அருவிக்குள் நின்றேன். உலகத்தில் வேறு சத்தமே இல்லாத இடம் அது. அதற்குள்ளேயும் கேட்டது.

ஈரத்தோடு குற்றாலநாதர் கோயில் பிராகாரத்தில் வந்து உட்கார்ந்தோம். அவள் தலையை விரித்து உலர்த்திக்கொண்டிருந்தாள்.

"இப்பம் எப்படி இருக்கு?"

"அப்படியேதான் இருக்கு."

"என்ன சத்தம்னு எங்கிட்டச் சொல்லக்கூடாதா?"

எத்தனையோ நாள் அடைத்து வைத்தது வந்துவிட்டது. "பல்சக்கரம். அன்னைக்கு வண்டி நின்னது கரியால இல்லட்டி. பல்லு ஒண்ணு மாறிக் கிடந்துச்சு. நாந்தான் மாத்திப் பூட்டிட்டேன்."

அவள் கை கூந்தலில் அப்படியே நின்றது. "ஒரு பல்லா?"

"ஒரு பல்லுதான்." என் சுண்டுவிரல் நுனியைக் காட்டினேன். "இம்புட்டு."

"குறி ஒண்ணும் வைக்கலையா?"

இந்தக் கேள்வி வரும் என்று எனக்குத் தெரியாதா? தெரியும். அதற்காகத்தான் ஒன்பது மாதம் வாயைத் திறக்கவில்லை. அவள் முகத்தைப் பார்த்தேன். நெற்றியில் அருவித் தண்ணீரில் கரைந்த குங்குமம்.

"வச்சிருந்தேன். உளியால ஆழமாக் குத்தித்தான் வச்சிருந்தேன். அவசரத்துல பாக்காம விட்டுட்டேன்."

அதுதான் அந்தப் பொய். சிவன் சந்நிதியில் உட்கார்ந்து சொன்னது.

அவள் கூந்தலின் ஈரத்தைப் பிழிந்தாள். பிறகு, "இத நீங்க அன்னைக்கே சொல்லியிருக்கலாம்" என்றாள். திட்டுவாள், அழுவாள் என்று இருந்தேன். கூந்தலை முடிந்துகொண்டு எழுந்தாள். "வாங்க, நடை சாத்திருவாக."

அந்த வருஷம் ஆயுத பூசை வந்தது. துக்கம் கழிந்துவிட்டதால் பூசை போடலாம் என்று பெரியவர்கள் சொல்லியிருந்தார்கள். கொட்டகையில் எல்லாவற்றையும் நானே கழுவி வைத்தேன். அவள் குங்குமச் சிமிழோடு வந்தாள். அவல் பொரி பரப்பினாள், விளக்கேற்றினாள், சந்தனத்தைக் குழைத்தாள். ஸ்பானர்களின் வரிசைக்கு முன்னால் உட்கார்ந்து சிமிழைத் திறந்தவள், அதை அப்படியே என் பக்கம் நீட்டினாள்.

"நீங்களே வச்சிருங்க."

"ஏம்ட்டி?"

"கை நடுங்குது."

அவள் கையைப் பார்த்தேன். சிமிழ் அதில் ஆடாமல் இருந்தது.

நானே பொட்டு வைத்தேன். அன்றிலிருந்து ஒவ்வொரு வருஷமும் அப்படித்தான். துடைப்பதும் நான், வைப்பதும் நான். அவள் சிமிழை ஏந்திக்கொண்டு பக்கத்தில் இருப்பாள். என் பொய்யை நம்பி, என் கைத்தப்புக்காக என் கையாலேயே வைக்கச் சொல்கிறாளா? அல்லது பஸ்ஸில் தான் பேசியது அவளுக்கும் ஒருநாள் திரும்பக் கேட்டுவிட்டதா? கேட்டிருந்தால், அவளும் என்னைப் போல ஒரு சத்தத்தோடு இந்த வீட்டில் நடமாடிக்கொண்டிருக்கிறாள். ஒரே வீட்டில் இரண்டு பேர், ஒருவருக்கொருவர் தெரியாமல்.

யுத்தம் முடிந்து பெட்ரோல் தாராளமானதும் முதலாளி அந்த எஞ்சினைப் பிரித்துப் போட்டார். சக்கரத்தை நான் கேட்டு வாங்கிக்கொண்டேன். இப்போது வீட்டில் பூசையறை மூலையில் இருக்கிறது. வெள்ளிக்கிழமை தோறும் குத்துவிளக்கைத் துடைக்கும்போது அவள் அதையும் எடுத்துத் துடைக்கிறாள். பல் பல்லாக, துணியை விரலில் சுற்றி. விளக்குக்கு, படங்களுக்கு, நிலைக்கு எல்லாம் பொட்டு வைக்கிறாள். அதற்கு மட்டும் வைப்பதில்லை.

போன வெள்ளிக்கிழமை அவள் துடைத்துக்கொண்டிருப்பதை வாசலில் நின்று பார்த்தேன். நான் உளியால் குத்தின புள்ளி வந்ததும் அவள் விரல் நின்றது. நகத்தால் அதைத் தொட்டுப் பார்த்தாள். பிறகு அதற்கு அடுத்த பல்லை, அன்றைக்குச் சந்தனம் ஒட்டியிருந்த பல்லைத் தொட்டாள். சக்கரத்தைப் பழைய இடத்தில் வைத்துவிட்டு விளக்குக்கு எண்ணெய் ஊற்றப் போனாள்.